தலைசிறந்த கன்சோல் எது? நடுவர்: சுகவனம்

ஜனவரி 1, வியாழன்

கம்பெனி டைரி வந்துவிட்டது. அட்டையில் எங்கள் மோட்டார் பம்பு, உள்ளே முதல் சில பக்கங்களுக்கு மாநிலத் தலைநகரங்களும் ரயில் நேரங்களும். பம்பு விற்கிறவனுக்கு மணிப்பூரின் தலைநகரம் எதற்கு என்று வருடா வருடம் கேட்கிறேன். ஒருவரும் பதில் சொன்னதில்லை.

மங்கை கோயிலுக்குப் போய், வழக்கம்போல் புருஷன் பேருக்கும் அர்ச்சனை செய்துவந்தாள். நான் காரைக் கழுவினேன். மாலையில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். பொங்கல் விழாவுக்கு இந்த வருடமும் பட்டிமன்றம், இந்த வருடமும் நடுவர் நானே. போன முறை 'இல்லறம் இனிக்கக் காரணம் கணவனா, மனைவியா', அதற்கு முந்தைய முறை 'பாசத்தில் விஞ்சுவது மகனா, மகளா'. இரண்டுக்கும் 'இருவருமே' என்று தீர்ப்புச் சொல்லி, ஒருவர் மனமும் கோணாமல் எல்லாரையும் பந்திக்கு அனுப்பிவைத்தேன். சரவணம்பட்டியில் எத்தனையோ அடுக்குமாடிகள் இருக்கின்றன. பட்டிமன்றம் முடிந்ததும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளாமல் சாப்பிடுவது எங்கள் வளாகத்தில் மட்டும்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்த முறை தலைப்பை இளவட்டங்கள் பிடுங்கிக்கொண்டார்கள். 'எக்காலத்துக்கும் தலைசிறந்த கன்சோல் எது?' வீடியோ கேம் விளையாடுகிற பெட்டிக்குத்தான் கன்சோல் என்று பெயராம். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேசட்டை எடுத்து 'உஃப்' என்று ஊதிச் செருகுவார்களே, அந்த இனம். ஏழாம் மாடி ஜெகன் (ஐ.டி., கல்யாணம் ஆகாத பையன், வாய் ஓயாது) பிளேஸ்டேஷன் டூவுக்காகப் பேசுகிறேன் என்று எழுந்தான். எதிரணிக்கு ஆளில்லை. நான் தலைப்பை மாற்றிவிடலாம் என்று வாயெடுத்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"கேம்பாய்ங்க. நான் பேசறேனுங்க."

பூங்கோதை. சங்கச் செயலாளர் நந்தகுமாரின் மனைவி. இரண்டு வருடமாக எங்களுக்கு எதிர்வீடு, நான் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டதே இல்லை. நந்தகுமார் சட்டென்று திரும்பிப் பார்த்தார். எல்லாரும் கை தட்டவே அவரும் தட்டினார். "பேசட்டுங்ணா, நல்ல விசயந்தானுங்களே" என்றார். பெண்டாட்டி மேடை ஏறுவதை எத்தனை பேர் இப்படிச் சிரித்த முகமாக ஒப்புக்கொள்வார்கள்?

ஜனவரி 4, ஞாயிறு

பேச்சாளர்கள் என்னிடம் வந்து தங்கள் வாதங்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் ஏற்பாடு. அப்போதுதான் இடையிடையே சபையைச் சிரிக்கவைக்க எனக்குச் சரக்குக் கிடைக்கும். நடுவர் சிரிக்கவைக்காத பட்டிமன்றம் இரங்கல் கூட்டம் மாதிரி ஆகிவிடும்.

ஜெகன் காலையில் வந்தான். உலகத்திலேயே அதிகம் விற்ற பெட்டி பிளேஸ்டேஷன் டூதானாம். படம் பார்க்கிற டிஸ்க்கையும் அதில் போடலாம் என்று சொல்லித்தான் அப்பாவை ஏமாற்றி வாங்கவைத்தானாம். ஒரே கட்டிலில் நாலு பேர் உட்கார்ந்து, தோற்றவன் அடுத்தவனுக்குக் கையிலிருப்பதைக் கொடுத்துவிட வேண்டும் என்ற சட்டத்தோடு ஆடிய கதைகளைச் சொன்னான். நல்ல வாதங்கள், கொஞ்சம் நீளம்.

மாலையில் பூங்கோதையை நந்தகுமார் கொண்டுவந்து விட்டுவிட்டு, "மாவு வாங்கிட்டு வந்தர்றேன், அதுக்குள்ள முடிச்சிருங்க" என்று போனார். எதிர்வீட்டுக்கு வருவதற்கும் துணை! மங்கை காபி கொடுத்தாள். அந்தப் பெண் முதலில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பேச ஆரம்பித்ததும் எனக்கே ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சிங்கப்பூரிலிருந்து மாமா அனுப்பிய கேம்பாய், கையகலம்தான், நாலு பென்சில் பேட்டரி போட்டால் போதும். திரையில் விளக்குக் கிடையாதாம், ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துத்தான் ஆட வேண்டுமாம். மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். இன்றுவரை கெடவில்லையாம்.

"இப்பவும் ஆடறயா அம்மிணி?" என்றேன்.

"ஆடறனுங்ணா. ராகி மாவு டப்பாவுக்குள்ள கவர் போட்டு வெச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இதை மேடையில் சொல், கூரை பிய்ந்துவிடும் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "அய்யோ, வேண்டாங்ணா. அது சும்மா உங்ககிட்டயும் அக்காகிட்டயும் சொன்னது." மங்கையும் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சரி சரி என்றேன்.

ஜனவரி 6, செவ்வாய்

சர்க்கரை கூடியிருக்கிறது. பல்லடம் டீலர் மறுபடி புகார். வளாகத் தென்னைகளில் தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை.

ஜனவரி 7, புதன்

காலை நடையில் நந்தகுமார் சேர்ந்துகொண்டார். விழாவுக்கு ஒலிபெருக்கி, நாற்காலி, ஷாமியானா எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். இப்படி ஒரு செயலாளர் கிடைக்க நாங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பேச்சுவாக்கில், "உங்க வீட்டம்மா உங்களை வெச்சு வாங்கப்போறாங்க, தயாரா இருந்துக்கங்க" என்று கிண்டினேன். கணவனை வாரிவிடுவது பட்டிமன்றத்தில் மரபுதானே. அவரும் சிரித்தார். என்னதான் சொல்கிறாள் என்று கேட்டார். உங்களுக்குத் தெரியாமல் கேம்பாயை ஒளித்துவைத்து ஆடுகிறாளாமே என்றேன்.

"அப்புடீங்களா?" என்றார். கொஞ்சதூரம் நடந்த பிறகு, "எதுலீங்ணா ஒளிச்சு வெச்சிருக்காளாமா?" என்றார்.

ராகி மாவு டப்பா என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். வழக்கமாக ஆறு சுற்று நடப்பவர், இன்று வேலையிருக்கிறது என்று உடனே கிளம்பிவிட்டார்.

ஜனவரி 8, வியாழன்

எதிர்வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் என்று மங்கை சொன்னாள். நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 10, சனி

ஒத்திகை. ஜெகன் பிரமாதம். பூங்கோதை சுரத்தில்லாமல் பேசினாள். மைக்கைக் கையில் பிடிக்க முடியாது, ஸ்டாண்ட் வேண்டும் என்கிறாள். புதிதாக மேடை ஏறுகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பகட்டு வந்துவிடுகிறது. இடது கையை மடியிலேயே வைத்திருந்தாள். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே நந்தகுமார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மங்கை இன்று என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். நந்தகுமார் ஆபீஸ் போகும்போது எதிர்வீட்டு இரும்புக் கிராதிக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறாராம்.

"திருட்டுப் பயம் இருக்குமில்ல? ஜாக்கிரதையான மனுசன்" என்றேன்.

"உள்ள ஆள் இருக்கறப்ப வெளிய எதுக்குங்க பூட்டு?"

பெண்களுக்கு எதிர்வீட்டைக் கவனிப்பதே வேலை. அடுத்தவர் குடும்பத்தில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். நான் மோட்டார் போடப் போய்விட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

மைக் ஸ்டாண்டுக்குச் சொல்லியாயிற்று.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. கரும்பு போன வருடத்தைவிடச் சப்பை. மங்கை எதிர்வீட்டுக்குக் கொடுக்கப் போனாள், கிராதி பூட்டியிருந்தது. கம்பி இடுக்கில் கிண்ணம் நுழையவில்லை, வாழையிலையில் வைத்து மடித்து உள்ளே கொடுத்தாளாம். பண்டிகை நாளில் அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

"அவ போன்கூட அவன்கிட்டத்தான் இருக்குதுங்க" என்றாள் மங்கை. நந்தகுமாரை 'அவன்' என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நல்லநாளும் அதுவுமாக எதற்கு என்றேன். பூங்கோதை இலையை வலது கையால் மட்டும் வாங்கினாளாம். "மேடையில பேசிக்கறேங்க்கா, எல்லாருங் கேக்கற எடத்துல" என்றாளாம். மேடைப் பயம் இருந்தாலும் உற்சாகமாகத்தான் இருக்கிறாள் போல. எனக்கு நிம்மதி.

ஜனவரி 18, ஞாயிறு. விழா

விழா இனிதே முடிந்தது. விவரமாக எழுத வேண்டும்.

கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். பட்டுச் சட்டை போட்டிருந்தேன். ஜெகன் ஆரம்பித்ததிலிருந்து ஒரே சிரிப்பு. "நடுவர் அவர்களே, கேம்பாயில் ஒருத்தன் தனியா உக்காந்து ஆடலாம். பிளேஸ்டேஷன்ல குடும்பமே சேந்து ஆடலாம். தனியா ஆடறதுக்குப் பேரு விளையாட்டா, வியாதியா?" என்று கேட்டு உட்கார்ந்தான். விசில் பறந்தது.

அடுத்து பூங்கோதை. தலைகுனிந்தபடி பேட்டரி நீடிக்கும், விலை குறைவு, பையில் கொள்ளும் என்று மனப்பாடம் ஒப்பித்தாள். முன்வரிசையில் நந்தகுமார் கால்மேல் கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் குழந்தைகள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். சபை கலைந்தால் கெட்ட பெயர் நடுவருக்குத்தான். மைக்கை எடுத்தேன்.

"சபையோரே, இந்த அம்மிணி சாதுவாப் பேசறாங்கன்னு ஏமாந்துராதீங்க. கேம்பாயை எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க தெரியுங்களா? ராகி மாவு டப்பாவுல! நம்ம செயலாளர் களி கேட்டா, பேட்டரியும் சேந்து வெந்துரும்!"

இடி மாதிரிச் சிரிப்பு. நந்தகுமார்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பூங்கோதை அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கையிலிருந்த குறிப்பை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"வெச்சிருந்தேனுங்க, நடுவர் அவர்களே. இப்ப இல்லீங்க. அந்த எடம் மூணே பேருக்குத்தான் தெரியும். எப்படியோ அவருக்கும் தெரிஞ்சுபோச்சு."

நான்தான் என்று கை தூக்கிக் காட்டினேன். மறுபடி சிரிப்பு.

"எதிரணித் தம்பி சொன்னாரு, பிளேஸ்டேஷன்ல குடும்பமே ஆடலாம்னு. அதுக்கு டிவி வேணுங்க, ரிமோட் வேணுங்க. எங்கூட்டு ரிமோட் தெனமும் அவரு ஆபீஸ் பையில ஆபீஸ் போயிட்டு வருமுங்க. சாவியும் அப்படித்தான் போயிட்டு வருமுங்க."

சிரிப்பு. இப்படித்தான் பேச வேண்டும் என்று நான் தலையாட்டினேன்.

"கேம்பாய்ல சத்தத்த சுத்தமாக் கொறைக்க ஒரு திருகு இருக்குதுங்க. பெட்ரூமுல ஒருத்தர் தூங்கறப்ப, சமையக்கட்டுல இன்னொருத்தர் உசுரோட இருந்துக்கலாமுங்க. அப்பறம், அது கீழ போட்டாலும் உடையாது. செவுத்துல எறிஞ்சாலும் உடையாது. ஆள் மேல எறிஞ்சாக்கூட அது உடையாதுங்க. ஆளுக்குத்தான் உடையும்."

இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். பின்வரிசையில் கைதட்டல். முன்னால் இருந்த பெண்களில் சிலர் சிரிக்கவில்லை, அவர்களுக்கு வேடிக்கை புரியவில்லை போலிருக்கிறது.

"கடைசியா ஒண்ணுங்க. பிளேஸ்டேஷன வயரோட புடுங்கித் தூக்கிட்டு ஓட முடியுங்களா? கேம்பாய இடுப்புல சொருகிட்டு, கதவு தெறந்திருக்கற நேரமாப் பாத்து ஓடிரலாமுங்க. ஓடறவளுக்கு எது தோதோ அதுதானுங்க என்னைப் பொறுத்தவரைக்கும் தலைசிறந்த கன்சோல். நடுவர் அவர்களே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னா இந்த வளாகமே கேக்கும். நான் போலாங்களா, வேண்டாங்களா?"

நேரம் கடந்துவிட்டதால் மணி அடித்தேன். அவள் உட்காரவில்லை. மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். நாடகப் பாணி, நன்றாகவே இருந்தது.

'இரண்டுமே' என்றுதான் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் நந்தகுமாரின் முகத்தைப் பார்த்தேன். வாய் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தது. பாவம், சபையில் இவ்வளவு கேலியைத் தாங்கிக்கொண்ட மனிதருக்கு ஓர் ஆறுதல் வேண்டாமா? அந்த இடத்தில் யோசித்துச் சொன்னது இது: "கேம்பாய் கையோடு வரும், உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் இருந்து, வீட்டாரோடு சேர்ந்து, வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பதற்குத்தான் மதிப்பு அதிகம். ஆகவே எக்காலத்துக்கும் தலைசிறந்தது பிளேஸ்டேஷன் டூவே!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஜெகன் மட்டும் கை தட்டவில்லை. ஜெயித்தவன், பூங்கோதையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பந்தியில் பூங்கோதையைக் காணோம். களைப்பு, வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றார் நந்தகுமார். போகும்போது சாப்பாடு கட்டி வாங்கிக்கொண்டார், ஒரு பொட்டலம். மங்கை சாப்பிடவே இல்லை. பாயசம் அருமை, சர்க்கரையை மறந்து இரண்டு தம்ளர் குடித்துவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

நந்தகுமார் இனிப்போடு வந்தார். "சரியான தீர்ப்புங்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பட்டிமன்ற வீடியோவை வாட்ஸாப் குழுவிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். வீட்டு விசயம் வெளியே சுற்ற வேண்டாமே என்றார். நியாயம்தான், நான் எடுத்துவிட்டேன். அவர் வலது கை விரல்களில் பிளாஸ்திரி. ஷாமியானா கழற்றும்போது நசுங்கிவிட்டதாம்.

ஷாமியானாவைக் கழற்றியது வாடகைக்கடை ஆட்கள். இவரும் கூட நின்றிருக்கலாம்.

மங்கை இனிப்பைத் தொடவில்லை. வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

ஜனவரி 20, செவ்வாய்

மங்கை எதிர்வீட்டுக் கிராதியைத் தட்டித் தட்டிப் பார்த்தாளாம். "யாரும் பேசலீங்க. வெளிய பூட்டு, உள்ள ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. ஏனுங்க, நீங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்க. நீங்க கேட்டா அவனால தட்டிக்கழிக்க முடியாது."

மாலையில் லிப்ட் அருகே நந்தகுமாரைக் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோபியில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார். வந்து மங்கையிடம் சொன்னேன்.

"ஃபேனு?"

மறந்து போட்டிருப்பார்கள் என்றேன்.

"நீங்க நம்புனீங்களா?"

நம்பாமல் என்ன, போய்ப் பூட்டை உடைக்கவா முடியும்? செயலாளர் வீடு. நாளைக்கு ஒன்றுமில்லை என்று ஆனால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? நாளை ஈரோட்டில் டீலர்கள் கூட்டம், காலையிலேயே கிளம்ப வேண்டும். சட்டையை நானே தேய்த்துக்கொண்டேன்.

ஜனவரி 21, புதன்

ஈரோட்டில் கூட்டத்தின்போது போனை அணைத்து வைத்திருந்தேன். மதியம் போட்டதும் மங்கையின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன.

அவள் சொன்னபடி எழுதுகிறேன். காலையில் நந்தகுமார் ஆபீஸ் போனதும் கிராதியருகே போய்க் கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டபோது தரையில் எதையோ தட்டுகிற சத்தம், விட்டு விட்டு. மகளிர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டு, அவர்கள் வரும்வரை பொறுக்காமல் ஜெகனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் ரம்பம் வாங்கிவந்து பூட்டை அறுத்திருக்கிறான். பூங்கோதை சமையலறைத் தரையில் கிடந்தாள். கையில் ஒரு கரண்டி. விழா முடிந்த அன்றிலிருந்து அங்கேதான் கிடந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். தாடை எலும்பு முறிந்திருக்கிறது, விலாவும். உயிருக்கு ஆபத்தில்லை என்று இன்னும் சொல்லவில்லை.

நந்தகுமாரை ஆபீஸிலிருந்தே போலீஸ் கூட்டிப்போய்விட்டது.

மங்கை ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். நான் வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க" என்றாள்.

ஜனவரி 22, வியாழன்

காரைக் கழுவினேன். தேங்காய் பறிக்க ஆள் வந்தது. எதிர்வீட்டில் யாரோ ஃபேனை நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

பூங்கோதை பிழைத்துக்கொண்டாள். காலையில் டாக்டர் சொன்னதாக மங்கை வீட்டுக்கு வந்து சொன்னாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மங்கை அதைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

மதியம் மகளிர் காவல் நிலையத்திலிருந்து எஸ்.ஐ. அம்மா வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். காபி வேண்டாம் என்றார். ஜெகன் தன் போனில் எடுத்த வீடியோ அவரிடம் இருந்தது. மேசைமேல் வைத்து ஓடவிட்டார். பூங்கோதை ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, மைக்குக்குப் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, எல்லார் சிரிப்பையும்விட என் சிரிப்புத்தான் தூக்கலாகக் கேட்டது. நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது. கடைசிவரை ஓடிற்று.

"இதுல எது ஜோக்குன்னு சொல்லுங்க சார்" என்றார்.

பட்டிமன்றத்தில் பெண் பேச்சாளர்கள் கணவனைக் கேலி செய்வது வழக்கம், எல்லா மேடையிலும் உண்டு, சபை சிரிக்கும், கணவனும் சிரிப்பான் என்று விளக்கினேன். நந்தகுமாரும் சிரித்தார் என்றேன். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு வாயத் தெறந்து பேச இன்னும் நாளாகும் சார். அதனாலதான் உங்களக் கேக்கறேன். வீட்டுல நடக்கற கொடுமைய இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்காங்களா?"

மங்கை ஈரத்தலையோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"சொன்னாங்க" என்றேன்.

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயுந்தானுங்க. மைக்குல."

"கேட்டுட்டு நீங்க என்ன பண்ணுனீங்க?"

தெரியாது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். மங்கை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தீர்ப்புச் சொன்னேனுங்க" என்றேன்.

என்ன தீர்ப்பு என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்.